அன்பார்ந்த பார்வையாளரே

அந்தக் கட்டடத்தின் முன்கூடத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றில் 'அலுவலர்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'பார்வையாளர்கள்' என்று அன்று மதியம்தான் ஒரு புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். மாஸ்டர் விதிகளை மதிப்பவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஆளே இல்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டுத்தான் போவார். அவர் அலுவலர் இல்லை. தங்கையைப் பார்க்க வந்தவர். ஆகவே பார்வையாளர். இரண்டாவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அவர் செய்த ஒரே தவறு அதுதான். மற்றவற்றையெல்லாம் முந்தைய இரண்டு மாதங்களில் செய்து முடித்திருந்தார்.

தங்கை அவருடைய பள்ளியில்தான் வேலை பார்த்தாள். போனை எடுப்பாள், யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்று பிரித்துக் கொடுப்பாள். அப்படி ஒரு நேரம் கேட்டு வந்தவர்தான் பல்லுக்காரர். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொருத்தமாகப் பல்செட் செய்பவர். பொறுமைசாலி. ஆனால் காரில் உட்கார்ந்தால் கை வியர்த்துவிடும். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றார். நான்காவது முறைக்குப் பணம் கட்ட வந்த அன்று, தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகவும் சொன்னார்.

"கிளட்சை விடத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிம்மா ஓட்டுவான்?" என்று மாஸ்டர் தங்கையிடம் கேட்டார்.

"நீ பக்கத்துல உட்கார்ந்து பிரேக் போட்டுக்கிட்டே இருந்தா எவனுக்குத்தான் ஓட்ட வரும்?" என்று அவள் கேட்டாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தது மாஸ்டர்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்காமல் வளர்த்தார். பயிற்சிக் காரில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் இருந்த பிரேக் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

முந்தாநாள்தான் போன் வந்தது. "புதன்கிழமை நாலு மணி. பதிவாளர் ஆபீஸ், ரெண்டாவது மாடி. மத்த சாட்சிக் கையெழுத்தெல்லாம் ஆயிடும். ஒரு இடம் மட்டும் உனக்காகக் காலியா விட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். அஞ்சு மணிக்கு ஆபீசை மூடிடுவாங்க. நீ வரலைன்னா உனக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன். அப்புறம் எப்பவும் நான் வந்து உன் எதிர்ல நிக்க மாட்டேன்."

மாஸ்டர் ராத்திரியெல்லாம் புரண்டார். காலையில் சட்டையை இஸ்திரி போட்டார். மதியம் சாப்பிடத் தோன்றாமல் கிளம்பி வந்துவிட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கழுத்தில் 'செயலாளர்' என்ற அட்டையோடு ஓர் அம்மாள்.

"பார்க்க வந்தீங்களா?"

"ஆமாங்க, பார்க்கத்தான்."

"பார்வையாளரா?" அம்மாளின் குரல் நடுங்கியது.

"வெளியில அப்படித்தான் போட்டிருக்கு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மாஸ்டர் அப்போதும் அங்கேயேதான் இருந்தார். அம்மாள் உள்பக்கம் திரும்பி, "தலைவரே! வந்துட்டார்! பார்வையாளர் வந்துட்டார்!" என்று கூவினார்.

பிறகு மாஸ்டரின் போனை வாங்கித் துணிப்பையில் போட்டு, பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பேச்சு நடுவுல மணி அடிச்சா பேச்சாளர் மனசு உடைஞ்சுடும்" என்றார். கல்யாணப் பதிவில் பேச்சாளர் எதற்கு என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. ஆனால் கல்யாண விஷயத்தில் தனக்கு அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாம் காலி. மேடையில் மட்டும் இடம் போதாமல் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரை முன்வரிசையின் நடு நாற்காலிக்கு அழைத்துப் போனார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெருந்திரளாக வந்திருக்கும் அன்பார்ந்த பார்வையாளர் அவர்களே!"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"நமது சமுதாயக் கலை வட்டம் மக்களுக்காகவே நடப்பது. மக்கள் வரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அது மக்களுக்குத்தான் நஷ்டம். வட்டத்துக்கு முக்கியம் அதன் சுற்றளவு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அல்ல. பார்வையாளரே இல்லாத நாட்களிலும் நாம் சோர்ந்துபோகவில்லை. பார்வையாளர் நலனுக்கென்று ஒரு துணைத் தலைவரையே நியமித்தோம். அவர் இன்றுதான் முதன்முறையாக ஒருவரைப் பார்க்கிறார்."

மேடையின் ஓரத்தில் ஒருவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தார். மாஸ்டரும் பதிலுக்குக் கையசைக்க வேண்டியதாயிற்று.

"இன்றைய பொருள் இரண்டு. ஒன்று, இலக்கியத்தில் உணவு. மற்றது, திரைக்கதையின் கட்டமைப்பு. இரண்டையும் ஏன் ஒரே நாளில் வைத்தோம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டாம்."

மாஸ்டருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எழுந்து மேசைக்கு ஓடினார்.

"அம்மா, இது பதிவாளர் ஆபீஸ் இல்லையா?"

"அது மாடியில. படிக்கட்டு அந்த இன்னொரு கதவு வழியா."

"அப்ப நான் போறேங்க. அவசரம்."

"தாராளமா போகலாமே. தலைவர் அனுமதி கொடுக்கணும், அவ்வளவுதான்."

"கேட்டுச் சொல்லுங்க."

"மேடையில இருக்கிறவர்கிட்ட பேச்சு நடுவுல எப்படிக் கேட்கறது?"

"பேச்சு எப்ப முடியும்?"

"பார்வையாளர் இருக்கிற வரைக்கும் முடியாதுங்க" என்றார் செயலாளர். நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் தாமே உட்கார்ந்துகொண்டார். பெண்பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போக மாஸ்டருக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

உணவைப் பற்றிப் பேச வந்தவர் ஒரு பேராசிரியை. அவருக்கு முன்னால் கண்ணாடி மூடி போட்ட தட்டில் ஒரு ரொட்டி இருந்தது. பீங்கான் ரொட்டி.

"கவளம் என்பது எங்கே இருக்கிறது?" என்று அவர் ஆரம்பித்தார். "தட்டில் இருந்தால் அது சாப்பாடு. வாய்க்குள் போய்விட்டால் அது ஜீரணம். கைக்கும் வாய்க்கும் நடுவில், அந்தரத்தில் நிற்கிறதே, அங்கேதான் இலக்கியம் இருக்கிறது. அதை விழுங்குகிறவன் இலக்கியத்தையே விழுங்குகிறான்."

மாஸ்டரின் வயிறு சத்தம் போட்டது. மேடையில் இருந்தவர்கள் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

பேராசிரியை விருந்தோம்பலுக்கு வந்தார். அந்தக் காலத்து வீடுகளில் விருந்தாளிக்குத் தாகம் எடுப்பதற்கு முன்பே செம்பில் தண்ணீர் வந்துவிடும் என்றார். வந்தவன் முகம் வாடினால் வீட்டுக்காரியின் முகமும் வாடும் என்றார். இதை அவர் வெகு உருக்கமாக, வெகு நேரம் சொன்னார். மாஸ்டர் கையைத் தூக்கி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கேள்விகள் கடைசியில்" என்றார் தலைவர்.

கூடத்தின் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது. மேலே, இரண்டு தளங்களுக்கு மேல், தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாஸ்டரின் வலது கால் பிரேக்கைத் தேடித் தானாகவே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பேராசிரியை நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் மாஸ்டர் எழுந்து நின்றார். உடனே மேடை முழுவதும் எழுந்து கைதட்டியது. "எழுந்து நின்று பாராட்டும் பார்வையாளர்!" என்று தலைவர் ஒலிவாங்கியில் தழுதழுத்தார். மாஸ்டர் உட்கார்ந்தார்.

அடுத்து திரைக்கதைப் பேச்சாளர். கறுப்புச் சட்டை. பலகையில் ஒரு மலையை வரைந்தார்.

"முதல் அங்கத்தில் ஒருவனுக்கு ஒன்று வேண்டும். இரண்டாம் அங்கத்தில் அது கிடைக்காது. மூன்றாம் அங்கத்தில்..."

"சார்!" மாஸ்டர் கத்தியேவிட்டார். "என் தங்கச்சிக்கு மேல கல்யாணம் சார்! நான் போகலைன்னா எனக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சுக்குவா. அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டா!"

பேச்சாளரின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. "அடடா! தேவை! கெடு! தவறான புரிதல்! எல்லாம் இருக்கே உங்ககிட்ட! தடை யாருங்க?"

"நீங்கதான் சார்!"

"நாங்களா!" அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பெருமை பரவியது. ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். "நண்பரே, உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுது. அதனாலதான் உங்களை விட முடியாது. நீங்க இப்போ இங்கே இருக்கீங்க." மலையின் பாதியில் ஒரு புள்ளி வைத்தார். "இந்த இடத்துல உங்களை அனுப்பிட்டா உங்க கதை சப்புனு போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் தவிக்கணும்."

அப்போது கதவருகில் பேச்சுக்குரல் கேட்டது.

"ஒருத்தரைப் பார்க்கணுங்க. உள்ள இருக்காரான்னு..."

"பார்க்க வந்தீங்களா! வாங்க, வாங்க! போனைக் கொடுங்க!"

பல்லுக்காரர் புதுச் சட்டையில், கையைப் பிசைந்துகொண்டு வந்து மாஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். "பார்வையாளர் எண்ணிக்கை இரு மடங்கு!" என்று தலைவர் அறிவித்தார்.

இருவரும் நேராக மலையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார்கள்.

"நீ எங்கய்யா இங்க?"

"உங்களைத் தேடித்தான் மச்... மாஸ்டர். ஜன்னல் வழியா உங்க கார் தெரிஞ்சது. வராம இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கேயோ தப்பான கதவுல நுழைஞ்சிருப்பீங்கன்னு இறங்கி வந்தேன்."

"கார் நிக்குதுன்னு அவகிட்ட சொன்னியா?"

பல்லுக்காரர் விழித்தார். "இல்லியே. சட்டுன்னு ஓடி வந்துட்டேன்."

"அட மக்குப் பயலே! இப்ப அண்ணனும் வரலை, நீயும் ஓடிட்டேன்னு நினைப்பாளே!"

"ஐயோ!"

"இதுக்குத்தான் சொல்றேன், திரும்பறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருன்னு."

பல்லுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தணிந்த குரலில், "ராத்திரி எல்லாம் அழுதிருக்கா மாஸ்டர். எனக்காக இல்லை. உங்களுக்காக" என்றார். மாஸ்டருக்கு மலை மங்கலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கீழே அண்ணனின் கார் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தங்கை வந்தபோது கூடமே அதிர்ந்தது. "யாரையும் பார்க்க வரலைங்க! ரெண்டு பேரையும் கேள்வி கேட்க வந்தேன்!" என்று கதவருகிலேயே கத்தினாள்.

"கேள்வி நேரம் கடைசியில இருக்கும்மா. போனைக் கொடுங்க" என்றார் செயலாளர்.

உள்ளே வந்தவள் முன்வரிசையில் இருவரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து பாடம் கேட்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல், பல்லுக்காரருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். "உஸ்!" என்றது மேடை.

கடைசியாகப் பதிவாளரே வந்தார். கையில் பெரிய பதிவேடு, தோளில் வீட்டுக்குப் போகத் தயாரான பை.

"நான் பதிவாளர்."

"முன்பதிவா? அவசியமே இல்லைங்க, நிறைய இடம் இருக்கு" என்றார் செயலாளர்.

"நான் மாடி ஆபீஸ். மத்த சாட்சிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, பொண்ணு மாப்பிள்ளையைத்தான் காணோம். ஒவ்வொருத்தரா கீழே போனாங்க, திரும்பி வரலை. அஞ்சு மணிக்கு நான் பதிவேட்டை மூடணும்."

"உள்ளேதான் இருக்காங்க. போய்ப் பாருங்க."

அவரும் பார்க்கப் போனார். நான்காவது பார்வையாளராக உட்காரவும் வைக்கப்பட்டார். பார்வையாளர் நலத் துணைத் தலைவர் மேடையில் விம்மி விம்மி அழுதார்.

பேச்சுகள் ஓய்ந்தபோது ஐந்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. தலைவர் கேள்வி நேரத்தின் விதிகளைச் சொன்னார்.

"கேள்வி மட்டும்தான். கருத்து கூடாது, அறிவிப்பு கூடாது, அனுபவம் கூடவே கூடாது. கேள்விக்குறியில் முடியாத எந்த வாக்கியத்துக்கும் ஒலிவாங்கி கிடையாது. போன வருடம் எங்களில் ஒருவரே 'நன்றி' என்று சொல்லிவிட்டார். அதற்காக ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது."

மாஸ்டர்தான் முதலில் ஒலிவாங்கியை வாங்கினார். "நாங்க போகலாமா?"

"அருமையான கேள்வி" என்றார் திரைக்கதைப் பேச்சாளர். "போவது என்றால் என்ன? ஒரு பாத்திரம் எதிலிருந்து போகிறது, எதை நோக்கிப் போகிறது..."

கடிகார முள் நகர்ந்தது. பதிவாளர் அதைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். விதிகளுக்குள்ளேயே தலை நரைத்தவர் அவர். கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினார். தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ள உங்களுக்கு முழுச் சம்மதமா?"

மேடையில் ஒரு சலசலப்பு. தலைவர் யோசித்தார். "கேள்விதான்" என்று ஒப்புக்கொண்டார்.

தங்கை எழுந்தாள். "சம்மத..."

"கருத்து! கருத்து!" தலைவர் ஒலிவாங்கியைப் பறிக்க ஓடி வந்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "சம்மதம் இல்லாமலா இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்?" என்றாள்.

தலைவர் பாதி வழியில் நின்றார். செயலாளரைப் பார்த்தார். "கேள்விதாங்க" என்றார் செயலாளர். பதிவாளர் எழுதிக்கொண்டார்.

"இவரை மனைவியாக ஏற்றுக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?"

பல்லுக்காரரின் கை வியர்த்து ஒலிவாங்கி வழுக்கியது. "என்னையா... என்னைப் போய்க் கேட்கணுமா?" என்றார். அதையும் பதிவாளர் எழுதிக்கொண்டார்.

"இந்தத் திருமணத்துக்கு இங்கே இருப்பவர்களில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஒலிவாங்கி கைமாறி மாஸ்டரிடம் வந்தது. தங்கை அவரைப் பார்க்கவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

இந்த இரண்டு மாதமும் மாஸ்டர் மனசுக்குள் எத்தனையோ கேட்டிருந்தார். அவன்கிட்ட என்ன இருக்கு? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? நான் இவளுக்கு என்ன குறை வச்சேன்? எல்லாம் கேள்விக்குறியில்தான் முடிந்தன. ஒன்றுகூடக் கேள்வி இல்லை. எதற்கும் அவர் பதில் எதிர்பார்த்ததும் இல்லை.

"சார்," என்றார் பதிவாளரிடம். "நான் எங்கே கையெழுத்துப் போடணும்?"

தங்கை நிமிர்ந்தாள்.

பதிவாளர் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். ஆனால் பதிவேட்டை வைக்க அங்கே மேசை இல்லை. மேடை மேசையைத் தர முடியாது, அது மேடைக்குரியது என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் குனிங்க" என்றார்.

பல்லுக்காரர் குனிந்தார். அவர் முதுகின் மேல் பதிவேட்டை விரித்து மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். அடுத்து தங்கை போட்டாள். மாப்பிள்ளையின் முறை வந்தபோது மாஸ்டரே பதிவேட்டைக் கையில் தாங்கிப் பிடித்தார். பதிவாளர் முத்திரை குத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

தங்கை அண்ணனின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை தோளில் தொங்கியது. இரண்டு மாதமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த சண்டையெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"நீ சாப்பிட்டியா அண்ணா?"

ஒலிவாங்கி அவள் கைக்குப் பக்கத்தில் இருந்ததால் அது கூடம் முழுவதும் கேட்டது. தலைவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "ஆஹா! இன்றைய தலைப்பையொட்டி வந்த முதல் கேள்வி! ஆனால் அம்மா, கேள்விகளைப் பேச்சாளரை நோக்கித்தான் கேட்க வேண்டும். பார்வையாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது விதிமீறல்."

தங்கைக்கு இதற்கு மேல் யாருடனும் வாதாடத் தெம்பில்லை. மேடையைப் பார்த்துத் திரும்பினாள். பீங்கான் ரொட்டிக்குப் பின்னால் பேராசிரியை தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

பேராசிரியை முதல் தாளைப் பார்த்தார். புரட்டி அடுத்த தாளைப் பார்த்தார். எதிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் நிமிர்ந்தார்.

"இல்லம்மா" என்றார். "காலையிலிருந்து இல்லை. யாரும் கேட்கவும் இல்லை."

"இது கருத்து!" என்று தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதற்குள் பேராசிரியை தாள்களை அப்படியே விட்டுவிட்டு மேடைப் படிகளில் இறங்கத் தொடங்கியிருந்தார். கடைசிப் படி கொஞ்சம் உயரம். மாஸ்டர் ஓடிப்போய்க் கை கொடுத்தார்.